காற்றாலை ஊருக்குச் சொந்தம்; காலனிக்கு என்ன பங்கு?

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. தலைவராக இருந்த ஆர். சண்முகம் முன்னின்று செய்த காரியம் அது. 350 கிலோவாட் திறன். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம் போக, மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்று நன்றாக வீசும் இடம் வேண்டும் என்பதால், உடுமலைப் பக்கம் மைவாடியில் அதை நிறுவினார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் என ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்திலிருந்தே கடனும் அடைந்தது.

இந்தச் செய்தியைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம். ஆனால், தமிழ்நாட்டில் ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். மற்ற ஊராட்சிகளில் ஏன் இது நடக்கவில்லை? பணம் இல்லை, காற்று இல்லை என்பவை பாதிப் பதில்கள். மீதிப் பதிலை நாம் நம் ஊர்களின் அமைப்பில் தேட வேண்டும்.

ஓடந்துறை காற்றாலை வாங்கிய அதே 2006இல் இன்னொன்றும் நடந்தது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, அந்த அக்டோபரில்தான் தலித் தலைவர்கள் பதவியில் அமர முடிந்தது. ஓர் ஊராட்சி கோடி ரூபாய் கடன் வாங்கி மின்சாரம் விற்கத் தொடங்கிய ஆண்டில், வேறு ஊராட்சிகளில் ஒரு நாற்காலிக்கே போராட வேண்டியிருந்தது. அது பழைய கதை என்பவர்கள், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கட்டும். தரையில் உட்கார வைக்கப்படும் தலைவர், எந்த வங்கிக்குப் போய் எந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவார்?

‘ஊர்ச் சொத்து’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஊர்க் கிணறு, ஊர்க் குளம், ஊர் மந்தை, ஊர்க் கோயில். இவற்றில் எதிலெல்லாம் காலனிக்குப் பாத்தியதை இருந்தது என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். குளத்தில் மீன் ஏலம் விட்ட பணம் எங்கே போனது, புளியமர ஏலத் தொகை யார் கையில் இருந்தது என்பதையும் சொல்வார்கள். காற்றாலையும் சூரிய மின் நிலையமும் நாளை ஊர்ச் சொத்தாகலாம். அவற்றின் வருமானமும் அதே கைகளுக்கே போகுமானால், நமக்கு அது இன்னொரு புளியமர ஏலம்தான். மின்சாரத்துக்குச் சாதி தெரியாது. மின்கம்பம் எந்தத் தெருவில் முதலில் நடப்படுகிறது, எந்தத் தெருவில் பல்பு போனால் மாதக்கணக்கில் மாற்றப்படாமல் கிடக்கிறது என்பதில் சாதி இருக்கிறது.

காற்றாலைக்கு மக்கள் ஆதரவு எப்படி வரும் என்பதற்கு டென்மார்க் ஒரு வழி கண்டது. 2008இல் இயற்றிய சட்டத்தின்படி, புதிய காற்றாலை நிறுவுபவர்கள் குறைந்தது 20 சதவீதப் பங்குகளை, நாலரை கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்கு விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும். பத்தாண்டுக்கு மேல் இது நடைமுறையில் இருந்தது. கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000இல் அமைந்த மிடில்குருண்டன் காற்றாலைப் பண்ணையின் சரிபாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். தன் பங்கு சுழல்வதைப் பார்ப்பவர் அதை எதிர்க்க மாட்டார் என்பது கணக்கு.

இந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நாம் வெளியே நிற்போம். பங்கு வாங்கக் காசு வேண்டும். நிலம் தர நிலம் வேண்டும். இரண்டும் இல்லாத கூலிக் குடும்பத்துக்குக் கிடைப்பது, வேலி போட்ட சோலார் நிலத்தில் காவல் வேலையும், தகடு துடைக்கும் வேலையும். அந்த நிலத்தில் முன்பு களை எடுத்த, ஆடு மேய்த்த பிழைப்பு போனதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. நிலம் விற்றவருக்குப் பணம் வரும். அதில் உழைத்தவருக்கு ஒன்றும் வராது. ஆகவே நம் ஊர்களில் பங்கு என்பது காசை வைத்து வரக் கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கிராம சபையின் உறுப்பினர். அந்த உறுப்புரிமையே பங்காக வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. அரசமைப்பின் 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் உள்ளன. 14ஆவது, கிராம மின்மயமாக்கல். 15ஆவது, மரபுசாரா எரிசக்தி. 27ஆவது, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலன். 29ஆவது, சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பு. நான்கையும் சேர்த்துப் படித்தால் நம் கோரிக்கை அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான மின் நிலையங்களை விவசாயிகள் மட்டுமின்றிக் கூட்டுறவுகளும் ஊராட்சிகளும் அமைக்க இடம் தருகிறது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, சோலார் பம்பில் பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை விற்றுக் காட்டினார்கள். ஆறு பேரால் முடிந்தது அறுபது வீட்டுக் காலனியால் ஏன் முடியாது?

நிலம் எங்கே என்று கேட்பார்கள். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே என்று நாம் திருப்பிக் கேட்போம். பிறர் கைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் அது. மீட்கப்படும் நிலத்தில் பயிருக்கு ஆகாத தரிசு இருந்தால், அங்கே தலித் பெண்களின் கூட்டுறவு சூரிய மின் நிலையம் வைக்கட்டும். நிலம் அவர்கள் பெயரில், மின் விற்பனை ஒப்பந்தமும் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடும் ஏற்பாடாக அது மாறக் கூடாது.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல் மூன்று கேள்விகளை எழுப்புவோம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் நம் ஊராட்சி ஆண்டுக்கு எவ்வளவு மின்கட்டணம் கட்டுகிறது? அந்தத் தொகையில் சொந்த மின் நிலையம் அமைக்க ஊராட்சி திட்ட மதிப்பீடு தயாரிக்குமா? அப்படி அமைந்தால், நிர்வாகக் குழுவிலும் பராமரிப்பு வேலையிலும் வருமானத்திலும் காலனியின் பங்கு என்ன? மூன்றாவது கேள்விக்கான பதில் தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் ஏற வேண்டும். ஏறிய பிறகு, ஆதரவு தெரிவித்துக் கை தூக்குபவர்களில் நாம் முதலில் இருப்போம்.