தோற்பது குழந்தையா, பள்ளியா?

புது தில்லி: ஐந்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு பத்து வயதுக் குழந்தை தோல்வியடைந்தால், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? குழந்தையா, பள்ளியா, அரசா? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் தலைநகரில் தொடரும் விவாதம் இது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தம் அதற்கு ஒரு விடையைத் தந்தது. ஆண்டிறுதித் தேர்விலும் மறுதேர்விலும் தேறாத ஐந்தாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் அதே வகுப்பில் நிறுத்தப்படுவார்கள். கேந்திரிய வித்யாலயங்கள், நவோதயா பள்ளிகள், சைனிக் பள்ளிகள் உள்ளிட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மத்திய அரசுப் பள்ளிகளுக்கு இது பொருந்தும்.

2010 ஏப்ரல் 1 முதல் அமலான கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கவோ பள்ளியிலிருந்து வெளியேற்றவோ கூடாது என்றது. தேர்வே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தொடர் மதிப்பீட்டின் மூலம் குழந்தையின் குறையை உடனுக்குடன் அறிந்து, அதைக் களையும் கடமையை ஆசிரியரிடம் ஒப்படைத்தது அச்சட்டம். 24-வது பிரிவு இக்கடமையைத் தெளிவாகவே வரையறுக்கிறது.

ஆனால், சட்டத்தின் ஒரு பாதி மட்டுமே நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டனர்; கூடுதல் பயிற்சி அவர்களைத் தொடர்ந்து செல்லவில்லை. விளைவு, ஒன்பதாம் வகுப்பில் திடீரெனத் தேர்வைச் சந்தித்தவர்கள் கூட்டமாகத் தோற்றனர். ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட "அசர்' ஆய்வின்படி, 2024-ல் அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை. இத்தகைய நிலையைச் சுட்டிக்காட்டித்தான் பல மாநிலங்கள் திருத்தம் கோரின. அவர்களது கவலை நியாயமானதே. 2019-ல் நாடாளுமன்றம் 16-வது பிரிவைத் திருத்தி, முடிவை அந்தந்த அரசுகளிடம் விட்டது. மத்திய அரசின் அறிவிப்பு வெளியான வேளையில், தில்லி உள்பட 16 மாநிலங்களும் 2 யூனியன் பிரதேசங்களும் கட்டாயத் தேர்ச்சி முறையைக் கைவிட்டிருந்தன.

நோய் உண்மை. மருந்து சரியா என்பதே கேள்வி.

தோற்கும் குழந்தைகள் பெரும்பாலும் யார்? செங்கல் சூளைக்கும் கட்டடப் பணிக்கும் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் படித்தவர் எவருமில்லாத முதல் தலைமுறை மாணவர்கள். வீட்டு மொழி ஒன்றும் பாட மொழி வேறுமாக உள்ள பழங்குடிக் குழந்தைகள். தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக வகுப்பைத் தவறவிடும் சிறுமிகள். நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள் என்கிறது மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரம். ஐந்து வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர் உள்ள இடத்தில் குழந்தை தோற்றது என்று பதிவேட்டில் எழுதுவது எளிது, நியாயமாகாது.

இதில் வயதுக் கணக்கு ஒன்றும் உண்டு. உரிய வயதில் சேர்ந்த குழந்தை எட்டாம் வகுப்பை முடிக்கும்போது ஏறத்தாழ 14 வயதாகிறது. ஓராண்டு நிறுத்தப்பட்டால் ஏழாம் வகுப்பிலேயே அந்த வயது வந்துவிடும். 14 வயதைக் கடந்தாலும் எட்டாம் வகுப்புவரை இலவசக் கல்வி பெற உரிமையுண்டு என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதே வேளையில், 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயதைக் கடந்தவர்களை அபாயமற்ற தொழில்களில் அமர்த்த அனுமதிக்கிறது. தன்னைவிட இளையவர்களுடன் அமர வெட்கப்படும் சிறுவனுக்கு எந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பள்ளியை விட்டு வெளியேறும் நாளில் மதிய உணவும் அவனுக்கு நின்றுவிடுகிறது.

புதிய விதிகளில் பாதுகாப்புகள் இல்லாமலில்லை. தோற்றவருக்குக் கூடுதல் பயிற்சி அளித்து இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் பராமரித்து, முன்னேற்றத்தை நேரில் கண்காணிக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்ற விதி நீடிக்கிறது. ஆயினும், அந்த இரண்டு மாதங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையோடு கலந்துவிடுகின்றன. ஐந்தாண்டுகளில் கற்பிக்காததை எட்டு வாரங்களில் யார் கற்பிப்பது?

தமிழகம் வேறு பாதையில் செல்கிறது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என 2019-ல் அறிவித்த மாநில அரசு, கடும் எதிர்ப்பையடுத்து 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. அதன் பின்னர் அமைந்த அரசும், மத்திய அரசின் திருத்தத்துக்குப் பிறகு, எட்டாம் வகுப்புவரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று அறிவித்தது. ஆனால், தேர்ச்சி அளிப்பதோடு கடமை முடிந்துவிட்டதாகத் தமிழகமும் கருத முடியாது.

அடித்தள எழுத்தறிவு, எண்ணறிவுக்காக 2021-ல் தொடங்கப்பட்ட "நிபுண் பாரத்' திட்டத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிகிறது. அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்போர் 2022-ல் 16 சதவீதமாக இருந்தனர். 2024-ல் 23 சதவீதத்தைத் தாண்டினர். அந்த வகுப்பில் யாரையும் தோல்வியடையச் செய்யாமலேயே ஏற்பட்ட முன்னேற்றம் இது.

எனவே, தேர்வு இருக்கட்டும். அது முதலில் பள்ளியைச் சோதிக்கட்டும். ஒரு பள்ளியில் பலர் தோற்றால் அங்கு ஆசிரியர் இடங்கள் காலியாக உள்ளனவா என்று கல்வித் துறை பதில் சொல்லட்டும். நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டு பள்ளிக்கு வந்தனர் என்ற கணக்கை ஒவ்வோர் அரசும் வெளியிடட்டும். கூடுதல் பயிற்சி தோல்விக்குப் பின் தரப்படும் ஆறுதலாக அல்லாமல், முதல் வகுப்பிலிருந்தே குழந்தையின் உரிமையாக அமைய வேண்டும். அதைச் செய்யாமல் பத்து வயதுக் குழந்தையைத் தோற்றவன் என்று அறிவிக்க எந்த அரசுக்கும் தகுதியில்லை.