போலியோ வந்த கால் மீண்டும் சோர்வதேன்?

போலியோ எனப்படும் இளம்பிள்ளைவாதத்தால் சிறு வயதிலேயே ஒரு கால் மெலிந்தும், தோட்டம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர்கள் எம்மிடையே உள்ளனர். 1962இல் இலங்கையில் இந்நோய் பெருமளவில் பரவியபோது சுமார் 1,800 பேர் பாதிக்கப்பட்டனர். அன்றைய குழந்தைகள் இன்று 60 வயதைக் கடந்தவர்கள். இவர்களுட் சிலருக்கு அந்தக் கால் மீண்டும் சோர்கின்றது. ஒரு வாளி தண்ணீர் தூக்கவும் ஏலாதிருக்கின்றது. வீட்டார் இதை முதுமை என்பர், சிலவேளை சோம்பல் என்றும் சொல்லிவிடுவர்.

வைத்தியர்கள் இதனைப் போலியோவுக்குப் பிந்திய நோய்நிலை என்கின்றனர். நோய் வந்து 15 முதல் 40 வருடங்களின் பின்னர் இது தலைகாட்டும். பழைய கிருமி திரும்பி வருவதில்லை. எனவே இது தொற்றாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்க அஞ்சவேண்டியதில்லை.

தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் முள்ளந்தண்டினுள் உள்ளன. அவற்றைத்தான் போலியோ அழிக்கின்றது. தப்பிய கலங்கள் புதிய கிளைகளை விட்டு, அநாதையான தசைநார்களையும் பொறுப்பேற்கின்றன. 1995இல் வலிகாமத்திலிருந்து சனம் வந்தபோது தென்மராட்சி வீடுகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கான அடுப்பில் பல குடும்பங்களுக்கு உலை வைத்தோம். நரம்புக் கலங்கள் அவ்வாறு 30, 40 வருடங்கள் தாங்கி, ஈற்றில் களைத்துக் கிளைகளை இழக்கின்றன என்றே வைத்தியர்கள் கருதுகின்றனர். அதனால் புதிய பலவீனம், தசை நோவு, கடுங்களைப்பு, குளிர் தாங்காமை ஏற்படும். சிலருக்கு விழுங்குவதும் நித்திரையில் மூச்சு விடுவதும் சிரமமாகும். நல்ல கால் என நம்பியிருந்த காலும் சோரலாம்.

உழைத்தால் உடம்பு சரிவரும் என்ற எமது தோட்டக்காரரின் நம்பிக்கை இங்கு தீங்கானது. களைக்கும் வரை மண்வெட்டி பிடித்தால் பலவீனம் கூடும். களைக்கு முன் ஓய்வு வேண்டும். இறைப்பைப் பிள்ளைகளிடம் விட்டு, இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலையை எடுக்கலாம். பயிற்சி எவ்வளவு என்பதை இயன்மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இடம்பெயர்வில் கலிப்பரைத் தொலைத்தவர்கள் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் விசாரிக்கலாம். கோல் பிடிக்க வெட்கப்படுவோரும் உண்டு; விழுந்து இடுப்பெலும்பு முறிவது அதைவிடச் சங்கடம்.

இதனை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. ஆனால் எல்லாக் களைப்பும் இதுவாகாது. நீரிழிவு, இரத்தச்சோகை உண்டோ என முதலில் பரிசோதிக்க வேண்டும். கிளினிக்குக்குப் போகையில் சிறு வயதில் போலியோ வந்ததை நீங்களே சொல்லுங்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் கண்டறியப்பட்டவர். இளம் வைத்தியர்கள் இந்நோயைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். சத்திரசிகிச்சை ஏதும் நடப்பதாயின், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கும் தவறாது சொல்லுங்கள். இவர்களுக்கு மயக்கம் தெளியக் கூடிய நேரம் எடுக்கலாம்.