அன்புள்ள எஸ்

சென்ற மார்ச் கடைசி வாரத்தில் ஓர் அறக்கட்டளையிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள எஸ்" என்று ஆரம்பித்து நன்கொடை கேட்டிருந்தார்கள். எஸ் என்பது என் அப்பா பெயரின் முதல் எழுத்து. அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. என்றைக்கோ அவர்களுடைய படிவத்தில் இருந்த இரண்டு கட்டங்களில், பள்ளிக்கூடத்தில் பழகியபடி முதலில் இனிஷியலையும் அடுத்ததில் பெயரையும் எழுதியிருக்கிறேன். மடலில் பெயர் விழவேண்டிய இடத்தில் வைக்கும் குறிக்கு 'மெர்ஜ் டேக்' என்று பெயர். முதல் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து ஒட்டிவிடும். கல்யாணப் பத்திரிகை உறையில் "திரு, திருமதி" என்று அச்சடித்துப் புள்ளிக்கோடு விட்டிருப்பார்களே, அதே வேலைதான். ஆனால் அங்கே பேனாவோடு உட்காரும் சித்தப்பா, சந்தேகம் வந்தால் உள்பக்கம் குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்வார்.

இந்த வேலையில் எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் மாலைநேர இலவச டியூஷன் நடத்தும் ஒரு சிறிய டிரஸ்ட்டுக்கு மார்ச் மாதங்களில் மடல் எழுதிக் கொடுக்கிறேன். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு டிசம்பர் 31 எப்படியோ, நமக்கு மார்ச் 31 அப்படி. வரிக் கணக்கு முடிகிற நாள். டிரஸ்ட்டில் மின்னஞ்சல் வேலையைப் பார்க்கும் இளம்பெண் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"சார், ஓப்பன் ரேட் பாதியைத் தாண்டிடுச்சு!"

"பணம் போட்டது எத்தனை பேரும்மா?"

"ஏழு பேர் சார்."

இந்தத் துறையில் ஆளை ஏமாற்றும் சொல் ஒன்று உண்டென்றால் அது, எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்று சொல்லும் 'ஓப்பன் ரேட்'தான். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படம் ஒன்றைச் செருகி அனுப்புகிறார்கள். அதை 'பிக்சல்' என்பார்கள். மடலைத் திறக்கும்போது அந்தப் படம் அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறங்கும். இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மெயில் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டவர்களுக்கு வரும் மடல்களின் படங்களை, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளே முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். ஆக, தூங்கிக்கொண்டிருப்பவரும் 'திறந்தவர்' ஆகிவிடுகிறார். படங்களை முடக்கி வைத்துவிட்டு வரி விடாமல் படிப்பவர் 'திறக்காதவர்' ஆகிறார். எத்தனை பேர் சுட்டியை அழுத்தினார்கள் என்று சொல்லும் 'கிளிக் ரேட்' இதைவிடப் பரவாயில்லை. அழுத்திப் போனவர்களில் எத்தனை பேர் பணம் செலுத்தி முடித்தார்கள் என்பது 'கன்வர்ஷன்'. அந்த ஏழு பேர்தான் கன்வர்ஷன்.

திறக்க வைப்பது தலைப்பு வரி. இதன் வலிமைக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 2012-இல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரம். கட்சி வசூல் வேறு, தொண்டு வேறு. கேட்கிற வித்தை என்னவோ ஒன்றுதான். ஒரே மடலுக்குப் பதினெட்டு வடிவம் வரை எழுதி, சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்து, வென்றதை மட்டும் முழுப் பட்டியலுக்கும் விடுவார்கள். செலவில் எதிரணி என்னை மிஞ்சிவிடும் என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு மடல் மட்டும் 26 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. சோதனையில் தோற்ற தலைப்போடு அதே மடல் போயிருந்தால் சுமார் நாலு லட்சம்தான் தேறியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வதில் அங்கிருந்த அனுபவசாலிகளே திரும்பத் திரும்பத் தோற்றார்களாம்.

இதைப் படித்துவிட்டு நாங்களும் இப்படி இரண்டு தலைப்புகளை மோதவிட்டுப் பார்க்கும் 'ஏ/பி டெஸ்ட்' செய்தோம். எங்கள் பட்டியலில் இருப்பது சில நூறு பேர். அந்த அளவில் அது சோதனை இல்லை, பூவா தலையா. பல லட்சம் முகவரி வைத்திருப்பவர்களின் விளையாட்டை நாம் ஆடவேண்டாம் என்பது என் கட்சி. அதைவிடத் தலைப்பை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் தெரியும் 'பிரீஹெடர்' வரியைக் கவனிக்கலாம். அதை யாரும் எழுதாமல் விட்டால் மடலின் முதல் வரி தானாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். "மடல் சரியாகத் தெரியவில்லையா? இங்கே அழுத்துங்கள்" என்ற வரியைத்தான் நாங்கள் இரண்டு வருஷமாக எங்கள் முதல் வேண்டுகோளாக அனுப்பிக்கொண்டிருந்தோம்!

அடுத்து 'பவுன்ஸ்'. நமக்கெல்லாம் செக் மூலம் அறிமுகமான சொல். மின்னஞ்சலில் இது இரண்டு வகை. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பினால் 'ஹார்டு பவுன்ஸ்'. பெட்டி நிரம்பிவிட்டது, சர்வர் படுத்துவிட்டது என்று திரும்பினால் 'சாஃப்ட்'. முதல் வகையை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இறந்துபோன முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பவரை மின்னஞ்சல் நிறுவனங்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். இணையதளத்தில் 'பவுன்ஸ்' என்றால் அர்த்தம் வேறு: ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டு வேறு எதையும் தொடாமல் திரும்பிப் போனவர்கள். கூட்டத்தில் ஒருவர் ஒரு பவுன்ஸைச் சொல்ல, மற்றவர் இன்னொன்றுக்குப் பதில் சொல்லி அரைமணி நேரம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த சொல் 'லைபன்ட்'. போன வருஷம் கொடுத்தார், துரதிருஷ்டவசமாக இந்த வருஷம் இல்லை என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து மேல்நாட்டு வசூல்காரர்கள் உண்டாக்கியது. மொய் நோட்டு வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக ஒருவரைப் பிடிப்பதைவிட இவர்களுக்கு ஒரு போன் போடுவது பலன் தரும்.

மடலிலிருந்து வந்து சேரும் பக்கத்தை 'லேண்டிங் பேஜ்' என்கிறார்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: "நான் இந்தியக் குடிமகன்." இதை அலங்காரம் என்று நினைத்து ஒரு வடிவமைப்பாளர் நீக்கிவிட்டார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெறாத டிரஸ்ட், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை மகன் அனுப்பக்கூடாது. கட்டத்தை மறுநாளே திரும்ப வைத்தோம்.

2016-இல் யுபிஐ வந்த பிறகு இன்னொரு சிக்கல். கியூஆர் அட்டையை ஒட்டினால் பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. அது உண்டியல். போட்டவரின் முகவரி என்ன, பான் எண் என்ன என்று எதுவும் தெரியாது. பான் போன்ற அடையாள எண் எதுவும் இல்லாமல் வரிச் சலுகைக்கான சான்றிதழ் கொடுக்க முடியாது. முகவரி இல்லாமல் நன்றியும் சொல்ல முடியாது.

கடைசியாக 'ஸ்பாம்'. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கெடுபிடியைக் கூட்டின. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். எந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் 'எஸ்பிஎஃப்'. கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை மாதிரி 'டிகேஐஎம்'. இரண்டும் பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்வது என்ற உத்தரவு 'டிமார்க்'. இதோடு, ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் கோபப்பட்டால் போதும், மற்றவர்களுக்கும் மடல் போய்ச் சேராமல் போகலாம். விலக நினைப்பவர் ஒரே அழுத்தலில் விலக வழி வைக்கவேண்டும் என்பதும் விதி. அந்த 'அன்சப்ஸ்கிரைப்' சுட்டியை மடலின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பவர்கள் தங்கள் குழியைத் தாங்களே தோண்டுகிறார்கள். வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

எனக்கு மடல் அனுப்பிய அறக்கட்டளையிலிருந்து நான் விலகவில்லை, பணமும் அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் நன்றி மடல் வந்தது, அதுவும் "அன்புள்ள எஸ்" என்றுதான். படிவம் வைத்திருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு கட்டத்தை எடுத்துவிட்டு ஒரே கட்டம் வையுங்கள். அதன் மேல் "உங்களை எப்படி அழைக்கட்டும்?" என்று தமிழில் எழுதுங்கள்.