பாலைவனத்தில் ஒரு நீச்சல் மடு

பாலைவனம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? மணல்மேடு, ஒட்டகம், சுட்டெரிக்கும் வெயில். அங்கே நீந்திக் குளிக்கத் தெளிந்த மடு ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா? உண்டு, தோழியரே! தமிழர் பலர் வேலைக்குச் செல்லும் ஓமன் நாட்டிலேயே உண்டு.

அதன் பெயர் வாதி ஷாப். மழை பெய்தால் மட்டும் ஆறாக ஓடும் பள்ளத்தாக்கை அரபு மொழியில் 'வாதி' என்பர். தலைநகர் மஸ்கட்டிலிருந்து கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கி.மீ. சென்றால் திவி என்னும் ஊர் வரும். அதன் அருகே மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சிறு படகில் நீரைக் கடந்து, பேரீச்சந் தோப்புகளின் ஓரமாகவும் பாறைகளின்மீதும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். பிறகு பச்சையும் நீலமுமாக மடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசி மடுவில் தலை மட்டும் நுழையக்கூடிய ஒரு பாறை இடுக்கு! அதன் வழியே நீந்திச் சென்றால் குகைக்குள் ஓர் அருவி கொட்டுகிறது.

வறண்ட நாட்டில் இந்த நீர் எங்கிருந்து வந்தது? அம்மலைகள் சுண்ணாம்புப் பாறைகளால் ஆனவை. எப்போதோ பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, அவற்றைச் சிறுகச் சிறுகக் கரைத்து, உள்ளே தங்குகிறது. பின்னர்த் தாழ்வான இடத்தில் ஊற்றாக வெளிவருகிறது. பெருவெள்ளம் உருட்டி வரும் கற்கள் அடிப்பாறையைக் குடைந்து மடுக்களை ஆழமாக்குகின்றன.

அந்த வெள்ளமே அங்குள்ள பேராபத்தும் ஆகும். மொட்டைப் பாறை மழைநீரை விரைவில் உறிஞ்சாது. எங்கோ தொலைவில் மழை பெய்தாலும், நாம் நிற்குமிடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரலாம். 2024 ஏப்ரலில் ஓமனில் ஏற்பட்ட வெள்ளம், வாகனத்தில் சென்ற பள்ளிப் பிள்ளைகளையும் பலிகொண்டது. ஆகவே மழை அறிவிப்பு உள்ள நாளில் அங்கே கால் வைக்கலாகாது. நீந்தத் தெரியாதவர் ஆழத்தில் இறங்கவும் கூடாது.

வாதி ஷாப்பின் நடைபாதையோரம் ஒரு வாய்க்கால் ஓடுவதைக் காணலாம். இத்தகைய வாய்க்காலை 'ஃபலஜ்' என்பர். ஓமனில் ஏறக்குறைய 3,000 ஃபலஜ்கள் இன்றும் பயனில் உள்ளன. அவற்றுள் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குள் நுழையும் நீர் முதலில் குடிப்பதற்கு, அதன் பின்னரே குளிப்பதற்கு, கடைசியாகத் தோட்டத்திற்கு. பகலில் நிழலையும் இரவில் விண்மீனையும் பார்த்து, அவரவர் பங்கு நேரத்தைக் கணக்கிட்டனர். மேலே இருப்பவர் நீரைக் கெடுத்தால் கீழே இருப்பவர் குடிக்க முடியாதன்றோ!

இனி நம் பேசின் பிரிட்ஜுக்கு வருவோம். மஸ்கட்டில் ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழை, சென்னையிலோ சுமார் 1,400 மி.மீ. ஓட்டேரி நல்லா வந்து பக்கிங்காம் கால்வாயில் சேருமிடம் நம் பேசின் பிரிட்ஜ்தான். ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் சென்ற அக்கால்வாயில் இன்று யாரேனும் கால் நனைக்கத் துணிவரோ? கோடையில் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ வடசென்னைத் தெருக்களில் வெள்ளம் நின்றது.

மழை குறைந்ததால் வந்த வறுமை அன்று இது. ஓட்டேரி நல்லா நம்மிடம் வருமுன் பல பேட்டைகளைக் கடந்து வருகிறது. நம்மைக் கடந்தபின் கால்வாயோடு கலந்து வேறு பல பேட்டைகளுக்குச் செல்கிறது. ஒருவர் எறியும் பிளாஸ்டிக் பை மற்றொருவர் வாசலில் நீரை அடைக்கிறது. வாய்க்கால் முழுவதையும் தூய்மையாக்குதல் நம் கைக்கு அடங்காத வேலை. அது மாநகராட்சியும் அரசும் செய்ய வேண்டியது. ஆனால் நமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவு, நம் வீட்டுச் சாக்கடையின் ஓரத்திலிருந்தே தொடங்கலாம். தோழியரே, பாலைவன மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.