பனை உயரமில்லாத கடல்

யாழ்ப்பாணத் தீவகத்தில், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலுள்ள கடலின் அடியில் ஒரு பனையைக் கொண்டுபோய் நட்டால், அதன் வட்டு தண்ணீருக்கு மேலே தெரியும். அங்கு மட்டுமல்ல, பாக்கு விரிகுடாவில் எங்கு நட்டாலும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் சராசரி ஆழம் பத்து மீற்றருக்கும் குறைவு. ஆழமான இடங்களில்கூடப் பதினைந்து மீற்றரைத் தாண்டுவது அரிது. வங்காள விரிகுடா ஒரு பக்கமும் மன்னார் வளைகுடா மறுபக்கமும் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குச் சரிந்து கிடக்க, நடுவில் இது மட்டும் தட்டில் ஊற்றிய தண்ணீராக இருக்கிறது.

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் என்றொரு பியோர்ட் உண்டு. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம் நிலத்துக்குள் புகுந்து செல்லும் கடல் அது. மிக ஆழமான இடத்தில் அடிமட்டம் 1,450 மீற்றர் கீழே கிடக்கிறது. இரு கரையிலும் செங்குத்துப் பாறை, நடுவே மிதக்கும் பனிமலைகள். அதன் வாயில் இட்டோக்கோர்டூர்மிட் என்ற குடியிருப்பு இருக்கிறது. 1925இல் நிறுவப்பட்டது, இன்று அங்கு சுமார் 350 பேர் வாழ்கிறார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் கடல் உறைந்து கிடப்பதால், கோடையின் சில வாரங்களில்தான் சரக்குக் கப்பல் உள்ளே வர முடியும். மாவும் எண்ணெயும் பெரும்பாலும் அப்போது வந்தால்தான் உண்டு.

ஆழம், குளிர், பாறை எதை எடுத்தாலும் இந்த இரண்டு கடல்களும் எதிரெதிர். ஆனால் இரண்டையும் உண்டாக்கியது ஒரே பனிதான்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் கடைசிப் பெருங்குளிர் உச்சத்தில் இருந்தபோது, வட அமெரிக்காவின் பெரும்பகுதியையும் ஸ்கண்டிநேவியாவையும் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிப்பாளம் மூடியிருந்தது. பனி திண்மம்தான், ஆனாலும் தன் பாரத்தால் மிக மெதுவாக வழியும். வழியும்போது அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு பாறையை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும். ஆறு வெட்டும் பள்ளத்தாக்கு கூம்பிய அடியோடு இருக்கும். பனியாறு வெட்டியதோ அகன்ற அடியும் நிமிர்ந்த சுவரும் கொண்டது. ஆறு கடல்மட்டத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. பனியாறு கடல்மட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னும் நூற்றுக்கணக்கான மீற்றர் தோண்டிக்கொண்டே போகும். பின்னர் பனி பின்வாங்க, அந்தக் குழிக்குள் கடல் புகுந்தது. நோர்வேயின் சொக்னபியோர்ட் 1,300 மீற்றர் ஆழமானது இப்படித்தான்.

பியோர்ட் என்பது யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமான இடமுமல்ல. குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடியை அங்கு கற்று, நோர்வேக்காரரின் உதவியோடு ஊர் திரும்பி அவர் தொடங்கிய முயற்சியே சீநோர். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியாக வந்தவை. பிறகு போர்க்காலத்தில் எதிர்த்திசையில் ஆட்கள் போனார்கள். நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் மாநிலத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, மே நடுப்பகுதி தொடங்கி யூலை கடைசிவரை சூரியன் மறையாத மீன்பிடிக் கிராமங்களில் தமிழர்கள் கொட் மீன் வெட்டி வாழ்ந்தார்கள். அங்கு எந்த இறங்குதுறையில் நின்றாலும் பெரிய கப்பல் கரையோரம் வந்து அணையும். நம் களப்பில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெருங்குளிர்க் காலத்துப் பனிப்பாளத்தில் அடைபட்டிருந்த நீரெல்லாம் கடலிலிருந்து போனது. ஆகவே அக்காலத்தில் உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பதினைந்து மீற்றர் இறங்கினாலே பாக்கு விரிகுடா வற்றிவிடும் என்றால், 120 மீற்றர் இறங்கியபோது அதன் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. தொண்டியிலிருந்து ஊர்காவற்றுறைக்கு நடந்தே வரலாம். நெடுந்தீவு தீவாக இல்லை. சமதரையில் ஒரு மேட்டு நிலம். வைகையும் காவிரியும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் அடித்தளம் பிற்பாடு மேடேறியிருக்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை இது தரையாக இருந்தது என்று கொள்ளலாம்.

கடல்கோள் என்றதும் நம்மவர் பலர் குமரிக்கண்டத்துக்கு ஓடிவிடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உண்மையாகவே மூழ்கிய நிலம் நெடுந்தீவுப் படகின் ஏராவுக்குக் கீழே கிடக்கிறது. அது மூழ்கிய வேகத்தைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். நிலத்தின் சரிவு கிலோமீற்றருக்கு முப்பது சென்ரிமீற்றர் என்றும், கடல் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் ஏறியது என்றும் வைத்துக்கொள்வோம். கரை வருடத்துக்கு முப்பது மீற்றருக்கு மேல் உள்ளே வரும். அறுபது வயதுவரை வாழ்ந்த ஒருவர், தாம் சிறுவனாக விளையாடிய கரை இரண்டு கிலோமீற்றர் கடலுக்குள் போய்விட்டதைக் கண்டிருப்பார். பிரளயமென்று எதுவுமில்லை. ஒவ்வொரு மாரிக்கும் குடிசையைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டியிருந்திருக்கும், அவ்வளவே.

அந்த மூழ்கிய சமவெளிக்கு மேலாகத்தான் இன்றைய பயணம். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இருபக்கமும் இடுப்பளவுத் தண்ணீர். அதில் வரிசையாக நடப்பட்ட சிறகுவலைத் தடிகள். அண்மைக் காலமாகக் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகளும் சேர்ந்துகொண்டன. இந்த ஆழமின்மை இல்லாவிட்டால் இரண்டு தொழிலும் இல்லை. வேலணையைக் கடந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவு போய், அதன் மேற்கு முனையான குறிகட்டுவானில் இறங்கினால் தரை முடிந்தது. நயினாதீவு எதிரே கண்ணில் தெரியும். கால்மணி நேரப் பயணம். நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணித்தியாலம், காற்று விட்டால்.

ஆர்க்டிக் குடியிருப்புகளுக்குப் பனி எப்படியோ அப்படித்தான் தீவகத்துக்குக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மாரியில் வாடை. இரண்டுக்கும் இடையே பங்குனி, சித்திரையில் கடல் அடங்கிக் கிடக்கும். சோழகம் உரத்தால் படகு ஓடாது. ஓடாவிட்டால் தீவில் நோயாளியும் சந்தைக்குப் போகும் மீனும் அப்படியே நிற்கும்.

"அண்ணை, இதில எத்தினை பாகம்?" என்று படகோட்டியிடம் கேட்டேன்.

"ரண்டு, மூண்டு பாகம் வரும் தம்பி. ஆழமில்லாததாலதான் இந்தத் துள்ளல். ஆழக்கடல் எண்டால் தாலாட்டும். இது தூக்கிக் குத்தும்."

அலை விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. அலையின் அடிப்பகுதி தரையை உணரத் தொடங்கியதும் வேகம் குறையும். பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்கும். நீளம் சுருங்கி, உயரம் கூடி, முகம் செங்குத்தாகும். விரிகுடா முழுவதையும் கடந்து வரும் சோழகம் இந்த ஆழமற்ற நீரில் எழுப்புவது குட்டையான, நெருக்கமான, முரட்டு அலைகள். படகு ஒன்றிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

ஆழக்கடல் எப்போதும் தாலாட்டும் என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. 2023 செப்ரெம்பர் 16 அன்று, கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் பியோர்ட்டில் ஒரு மலைமுகடு சரிந்து விழுந்தது. இரண்டரைக் கோடி கனமீற்றர் பாறையும் பனியும் நீரில் பாய, 200 மீற்றர் உயர அலை எழுந்தது. அதைவிட வியப்பு பிறகு நடந்தது. ஒடுங்கிய பியோர்ட்டின் சுவர்களுக்கிடையே அந்த நீர் 92 செக்கனுக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஒன்பது நாள் அலைக்கழிந்தது. உலகெங்குமுள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் அந்த முணுமுணுப்பைக் கேட்டன. என்ன அது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. மலையின் அடியை முட்டுக்கொடுத்து நின்ற பனியாறு வெப்பத்தால் மெலிந்ததே சரிவுக்குக் காரணம். அன்று அருகில் யாரும் இல்லாததால் உயிரிழப்பு இல்லை. ஆனால் கோடையில் உல்லாசக் கப்பல்கள் போகும் பாதை அது.

நெடுந்தீவுக் கடலுக்கு அப்படியான வரலாறு இல்லை. இந்தக் கடலில் நடந்த கொடுமை மனிதர் செய்தது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களைத் தீவுமக்கள் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறார்கள். குமுதினி என்ற பெயரைக் கேட்டதும் படகில் பேச்சு சற்று நின்றுபோவதை இன்றும் காணலாம்.

தீவில் இறங்கியதும் வெளியூரார் கேட்பது மட்டக்குதிரைகளைத்தான். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இப்போது தரவையில் கட்டற்று மேய்கின்றன. பெருக்கு மரமும் கோட்டையும் பார்த்துப் படமெடுத்து மாலைப் படகுக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கு இவற்றையெல்லாம்விடச் சாராப்பிட்டிக் கிணறுகள்தான் பெரிய அதிசயம். சுற்றிலும் உப்புக்கடல், ஆறில்லை, மலையில்லை, தீவின் பல கிணறுகளில் சவர்த் தண்ணீர். ஆனால் இங்கே குடிக்கத்தக்க நல்ல தண்ணீர்.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணக்கல்லால் ஆனவை. மாரி மழை கல்லின் துளைகளாலும் வெடிப்புகளாலும் உள்ளே இறங்குகிறது. நன்னீர் பாரம் குறைந்தது. கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. ஆகவே நிலத்துக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது, நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து. ஒல்லாந்தரான பாடொன் கைபன் 1889 அளவிலும், ஜேர்மனியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் இதற்குத் தனித்தனியே கண்ட விதி எளியது: நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே நாற்பது மீற்றர்வரை நன்னீர் இருக்கும். நாற்பதுக்கு ஒன்று. நல்ல செய்திபோல் தோன்றும் இதே விதி மறுபக்கமும் வெட்டும். நீர்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர் இறங்கினால், ஏட்டுக்கணக்குப்படி அடியிலிருந்து உவர்நீர் நான்கு மீற்றர் மேலேறும். பட்டையால் இறைத்த காலத்தில் இது பெரிய பிரச்சினை அல்ல. மோட்டார் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால் அந்த இடத்தில் உவர்நீர் கூம்பாகக் கிளம்பி வந்துவிடும். ஈரமணலில் ஆழமின்றித் தோண்டும் பூவலில் முன்னோர் மேல்நீரை மட்டும் அள்ளினார்கள். விதியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது, விதி தெரிந்திருந்தது.

மறுபடியும் கிரீன்லாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 2002 முதல் செய்மதிகள் அளந்தபடி, அந்தப் பனிப்பாளம் சராசரியாக வருடத்துக்கு 270 பில்லியன் தொன் அளவில் கரைகிறது. அந்த நீர் குளத்தில் ஊற்றியதுபோல் எங்கும் சமமாகப் பரவுவதில்லை என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. பனிப்பாளத்தின் எடை பெரிது. அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளரும். பாரம் குறைந்த நிலமும் மெல்ல எழும்பும். கிரீன்லாந்தில் சில இடங்களில் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தரை உயர்வதை அளந்திருக்கிறார்கள். ஆகவே கிரீன்லாந்துப் பனி கரைந்தால் அதன் அண்மையில், ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தூரத்துக்குக் கடல் இறங்கும். வெகுதூரத்து வெப்பமண்டலக் கடல்களில் சராசரியைவிடச் சற்றுக் கூடவே ஏறும். இட்டோக்கோர்டூர்மிட்டின் வாசலில் உருகுவது அங்கு தங்காமல் நெடுந்தீவுப் பக்கமாக வருகிறது.

உலகக் கடல்மட்டம் 1900க்குப் பிறகு இருபது சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்ந்துவிட்டது. கடந்த பத்து வருடங்களில் வருடத்துக்கு நான்கு மில்லிமீற்றருக்கும் மேல். பியோர்ட் கரையில் செங்குத்துப் பாறைமேல் இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. கடலைவிடச் சில மீற்றரே உயர்ந்த தட்டைத் தீவில், கடல் கரையைத் தின்பதற்கு முன்பே கிணற்றைத் தொடும். நாற்பதுக்கு ஒன்று என்ற விதி அங்கேதான் கடிக்கிறது.

அதனால் தீவில் சவர்த் தண்ணீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். தீவின் மின்சாரமோ படகில் வரும் டீசலில் பிறக்கிறது. ஆர்க்டிக் குடியிருப்புகளின் பாடும் பெரும்பாலும் இதேதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டமொன்றுக்கு 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியுடன் ஒப்பந்தமானது. சூரியனில் 1,700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற், சேமிக்க மின்கலங்கள், கைகாவலுக்கு டீசல். படகை நிறுத்தும் சோழகம் விளக்கையாவது எரிக்கும். தண்ணீர் விஷயத்தில் கணக்கு அவ்வளவு சுலபமில்லை: நன்னீர் பிரிந்தபின் மிஞ்சும் கடும் உவர்நீரை வெட்டவெளியில் விட்டால் சுண்ணக்கல்லின் துளைகளால் இறங்கி அது கிணற்றுக்கே திரும்பும், குழாய் வைத்துக் கடலுக்குத் தள்ளுவதென்றால் அதற்கும் அதே மின்சாரத்தில்தான் பங்கு கேட்க வேண்டும்.