எச்சிலில் ஒட்டிய வீடு

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை, தகைவிலான். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெரிய துணையும் உண்டு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸே 1758-இல் உழவாரனைத் தகைவிலானின் பேரினத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டும் பறந்துகொண்டே பூச்சி பிடிப்பவை. இரண்டுக்கும் நீண்டு கூரான இறக்கை, குட்டை அலகு, காது வரை கிழிந்தது போன்ற வாய்.

ஆனால் உறவுமுறை பார்த்தால் கதை வேறு. தகைவிலான் காக்கைக்கும் சிட்டுக்குருவிக்கும் சொந்தம். உழவாரனின் பங்காளியோ அமெரிக்கக் கண்டங்களில் பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு. வெவ்வேறு குடும்பத்தில் பிறந்த இரு பறவைகளுக்குப் பல கோடி ஆண்டுகள் செய்த ஒரே தொழில் ஒரே உடலைக் கொடுத்துவிட்டது.

பங்காளி உறவுக்குச் சாட்சி எலும்பில் இருக்கிறது. பறவையின் இறக்கை என்பது நம் கையைப் போன்ற உறுப்புதான்: மேற்கை, முன்கை, உள்ளங்கை, விரல். உழவாரனுக்கும் ரீங்காரச் சிட்டுக்கும் மேற்கை எலும்பு தடித்துக் குறுகி உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. உள்ளங்கையும் விரல்களும்தான் நீண்டு, இறக்கையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த ஒரு புதைபடிவம் இதற்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. இயோசிப்செலஸ் ரோவெய் என்று பெயரிட்டு 2013-இல் அதை விவரித்தார்கள். வயது சுமார் 5 கோடி ஆண்டு. இறகுகளின் தடம்கூடக் கல்லில் பதிந்திருக்கிறது. உழவாரனுக்குரிய நீள இறக்கையும் அதற்கு இல்லை, ரீங்காரச் சிட்டுக்குரிய குட்டை இறக்கையும் இல்லை. ஆனால் உடம்பு ஏற்கெனவே சிறுத்துவிட்டிருந்தது. முதலில் உருவம் சிறுத்தது, பிறகு ஒரு கிளை பூவைத் தேடிப் போனது, மற்றொரு கிளை ஆகாயத்தைத் தேடிப் போனது என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள்.

ஆகாயத்தைத் தேடிப் போன கிளை காலைக் கைவிட்டது. உழவாரனின் கால் மிகச் சிறியது. பல இனங்களில் நான்கு விரல்களையும் முன்பக்கமாகத் திருப்பிக்கொள்ள முடியும். கொக்கி போன்ற நகங்களால் சுவரையோ பாறையையோ ஓலையையோ பற்றித் தொங்கலாம். கிளையைச் சுற்றிப் பிடித்து உட்கார மட்டும் முடியாது. தரையில் விழுந்தால் எழும்பவே முடியாது என்று சொல்வது மிகை. நல்ல உடல்நிலையில் இருக்கும் பறவை பெரும்பாலும் எழும்பிவிடும். ஆனாலும் தரைக்கு வர அதற்கு எந்த விருப்பமும் இல்லை.

எவ்வளவு விருப்பமில்லை என்பது 2016-இல் தெரிந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெடன்ஸ்ட்ரோம் குழுவினர், ஐரோப்பாவில் கூடு கட்டி ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் உழவாரன்களின் முதுகில் ஒரு கிராம் அளவிலான கருவியைக் கட்டிவிட்டார்கள். மறு ஆண்டு திரும்பி வந்த பறவைகளிடமிருந்து அதைக் கழற்றிப் பார்த்தபோது, கூடு கட்டாத பத்து மாதங்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட நேரம் அவை பறந்துகொண்டே இருந்தது தெரிந்தது. சில பறவைகள் அந்தப் பத்து மாதமும் ஒரு தடவைகூட இறங்கவில்லை. சாப்பாடு காற்றில் மிதக்கும் பூச்சி. தண்ணீர் குளத்தின் மேல் தாழப் பறந்து ஒரு மிடறு. இணை சேர்வதும் பறந்தபடியே நடக்கும். அந்தியிலும் விடியலிலும் 2.5 கிலோமீட்டர் உயரம் வரைகூட ஏறிச் செல்கின்றன.

இத்தனையையும் காற்றில் செய்துவிடலாம். முட்டையிட முடியாது. பறவை ஆகாயத்துக்கு எழுதிக்கொடுத்த வாழ்வில் பாக்கி நிற்கும் ஒரே கடன் இது. அதை அடைக்கத்தான் உழவாரன் ஆண்டுக்குச் சில வாரங்கள் எதையாவது பற்றிக்கொள்கிறது. அந்தச் சில வாரங்களுக்காக அதன் உடம்பு கண்டுபிடித்த வழிகள், பறப்பதற்குக் கண்டுபிடித்தவற்றைவிட விசித்திரமானவை என்பது என் எண்ணம்.

மற்ற பறவை கூடு கட்ட வேண்டுமென்றால் சுள்ளி பொறுக்கும், நார் கிழிக்கும், சேறு அள்ளும். தரையில் இறங்காத பறவைக்கு இவை எதுவும் கிடைக்காது. காற்றில் மிதந்து வரும் இறகும் பஞ்சும் துரும்பும்தான் அதன் கட்டுமானச் சரக்கு. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை வேண்டும். அந்தப் பசையை உழவாரன் வாயிலேயே வைத்திருக்கிறது. கூடு கட்டும் காலம் நெருங்கும்போது நாக்குக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கிப் பெரிதாகின்றன. கெட்டியான எச்சில் ஊறுகிறது. காற்று பட்டதும் இறுகிவிடுகிறது. கூடு கட்டும் வேலை முடிந்ததும் சுரப்பி மறுபடி சுருங்கிவிடும்.

இதை அருகில் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு பனைமரம் போதும். பனை உழவாரன் 13 செ.மீ. நீளமுள்ள சாம்பல் பழுப்புப் பறவை. எடை 10 கிராம் அளவுதான். பனை வகை மரம் இல்லாத இடத்தில் இதைக் காண்பது அரிது. தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில், மடிப்பின் பள்ளத்தில், எச்சிலைத் தடவி அதில் ஒவ்வொரு இறகாக, ஒவ்வொரு பஞ்சிழையாக ஒட்டுகிறது. முடிந்ததும் பார்த்தால் கூடு என்றே சொல்லத் தோன்றாது. ஓலையில் ஒரு சிறு பஞ்சுத் திட்டு, கீழ் ஓரத்தில் உதடு போல ஒரு விளிம்பு, அவ்வளவுதான். அந்த விளிம்பில் இரண்டு அல்லது மூன்று வெள்ளை முட்டைகள். ஆடி மாதக் காற்றில் பனையோலை ஆடும் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். முட்டை எப்படி நிற்கும்?

அதையும் எச்சில் வைத்து ஒட்டிவிடுகிறது. தாயும் தந்தையும் முறை வைத்து ஓலையை நகத்தால் பற்றிச் செங்குத்தாகத் தொங்கியபடியே அடைகாக்கின்றன. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான பறவைகள் அடைகாக்கும்போது முட்டையை அடிக்கடி உருட்டித் திருப்பிவிடும். திருப்பாமல் விட்டால் கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும். இன்குபேட்டர் வைத்திருக்கும் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பனை உழவாரனின் முட்டையை யாரும் திருப்புவதில்லை, திருப்பவும் முடியாது. இருந்தும் குஞ்சு பொரிக்கிறது. பொரித்த குஞ்சுக்குக் கண் திறக்கும் முன்பே வலுவான நகம் இருக்கும். பிடியை விட்டால் விழ வேண்டியதுதான் என்பது அதற்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது போலும்.

சற்றே தள்ளிய உறவான கொண்டை உழவாரன் இன்னும் சிக்கனக்காரர். இது கிளையில் உட்காரத் தெரிந்த இனம். பட்டைச் சிராய்களை எச்சிலால் ஒட்டி, மெலிந்த கிளையின் பக்கவாட்டில் ஒரு பாதிக் கிண்ணம் செய்யும். அதில் ஒரே ஒரு முட்டைக்குத்தான் இடம். பறவையின் எடையைக் கூடு தாங்காது என்பதால், அது கிளையில் உட்கார்ந்து முட்டையை வயிற்றால் மூடிக்கொள்ளும். கீழிருந்து பார்ப்பவருக்குச் சும்மா ஒரு பறவை இளைப்பாறுகிறது என்றே தோன்றும்.

கோயில் கோபுரங்களிலும் பாலங்களுக்கு அடியிலும் கூட்டமாக ஒட்டியிருக்கும் இறகுக் கூடுகள் நாட்டு உழவாரனுடையவை. மாலையில் கோபுரத்தைச் சுற்றிக் கிறீச்சிட்டுக்கொண்டு வட்டமிடும் கூட்டத்தை வௌவால் என்று நினைத்துவிடுகிறோம். இடுப்பில் தெரியும் வெள்ளைப் பட்டையைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

குஞ்சு வளர்ப்பிலும் ஆகாயத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் காற்றில் பூச்சி இருக்காது. ஐரோப்பிய உழவாரன்கள் புயல் வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிப் போய் இரை தேடுகின்றன. அதுவரை குஞ்சுகள் பட்டினி. சிட்டுக்குருவிக் குஞ்சாக இருந்தால் ஒரு நாளிலேயே கதை முடிந்துவிடும். உழவாரன் குஞ்சோ உடல் வெப்பத்தைக் குறைத்து, மூச்சைக் குறைத்து, மரத்துப்போனது போலக் கிடந்து நாட்களைக் கடத்திவிடும். இதனால்தான் சிட்டுக்குருவிக் குஞ்சு இரண்டு வாரத்தில் கூட்டை விட்டு வெளியேற, இதற்கு ஐந்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகிறது. புறப்படும் முன் இறக்கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் பயிற்சி எடுக்கும். ஒரு கட்டத்தில் தாயைவிடக் கனத்திருந்த குஞ்சு, எடையை இறக்கிக்கொண்டு, ஒருநாள் விளிம்பிலிருந்து விழும். அந்த முதல் விழுகையே பறத்தல். ஒத்திகை கிடையாது.

எச்சில் வித்தையின் உச்சம் தென்கிழக்கு ஆசியக் குகைகளில் இருக்கிறது. சரவாக்கின் நியா, சபாவின் கோமந்தோங் போன்ற குகைகளிலும் அந்தமான் தீவுகளிலும் வாழும் சிறு உழவாரன்களில் ஓர் இனம், இறகும் பஞ்சும்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டது. கூடு முழுவதும் ஏறத்தாழ வெறும் எச்சில். கும்மிருட்டில், குகைச் சுவரில், தலையை இடமும் வலமும் அசைத்து எச்சில் இழையைப் பூசிப் பூசி ஒரு மாதத்துக்கும் மேல் உழைத்து வெள்ளைக் கிண்ணம் ஒன்றைச் செய்கிறது.

இருட்டில் வழி எப்படித் தெரிகிறது? இந்தக் குகை உழவாரன்களில் பல இனங்கள் பறக்கும்போது 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டு நகர்கின்றன. பெரும்பாலான வௌவால்களின் ஒலி நம் காதுக்கு எட்டாது, இது நன்றாகக் கேட்கும். பறவைகளில் இவற்றுக்கும், தென் அமெரிக்காவின் எண்ணெய்ப் பறவைக்கும் மட்டுமே இத்திறன் உண்டென்று உறுதியாகியிருக்கிறது. எண்ணெய்ப் பறவையின் திறனை வௌவால் ஆய்வில் பேர்பெற்ற டொனால்டு கிரிஃபின் 1953-இல் எழுதினார். ஆனால் வௌவாலைப் போல இந்த உழவாரன்கள் எதிரொலியால் பூச்சி பிடிப்பதில்லை. அந்த அளவு துல்லியம் அதற்குக் கிடையாது. வேட்டை வெளியே, வெளிச்சத்தில், கண்ணால். குகைக்குள் வந்து தன் கூட்டைக் கண்டுபிடிக்க மட்டுமே இந்தக் காது. எதிரி எட்ட முடியாத சுவர் வேண்டும் என்ற முட்டையின் கோரிக்கைக்காக ஒரு பறவை புதிதாக ஒரு புலனையே உண்டாக்கிக்கொண்டது.

எதிரி எட்டாத அந்தச் சுவரை மனிதன் எட்டினான். சீனாவில் இந்தக் கூட்டை ஊறவைத்து சூப் வைப்பார்கள். ஒரு கிலோவின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். கூடு போனால் பறவை மறுபடி கட்டும், அதுவும் போனால் மறுபடியும். முட்டையும் குஞ்சும் இருந்தால் தூக்கி எறிந்துவிட்டுக் கூட்டை எடுத்துப் போனார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பின்னர் சன்னலற்ற மாடிக் கட்டடங்களைக் கட்டி, ஒலிபெருக்கியில் பறவைக் குரலை ஓடவிட்டு, உழவாரன்களை வரவழைக்கும் தொழிலே வளர்ந்துவிட்டது.

அந்தமானில் இந்தப் பறவை அழிவை நோக்கிச் சரிந்ததை 1990-களின் பிற்பகுதியில் கணக்கெடுத்துக் காட்டியவர் ரவி சங்கரன். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர், பின்னாளில் அதன் இயக்குநர். தடை போட்டுத் தடுக்க முடியாது என்று அவர் கணித்தார். வனத்துறையோடு சேர்ந்து, கூடு திருடியவர்களையே காவலுக்கு வைத்தார். குஞ்சு பறந்து போகும்வரை காப்பது, அதன் பிறகு காலிக் கூட்டை எடுத்து விற்பது என்பதுதான் திட்டம். காவல் இருந்த குகைகளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அவர் 2009-இல் காலமானார். தமிழில் அவரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

நம் ஊர் உழவாரனின் எச்சிலுக்கு விலை இல்லை, அதனால் திருடனும் இல்லை. அதன் ஆபத்து வேறு வகை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. மரத்துக்கு அது நல்லது. பனை உழவாரனுக்கு மரம் நின்றால் மட்டும் போதாது, தொங்கும் ஓலையும் வேண்டும். உங்கள் தோட்டத்துப் பனையில் காவோலை கழிக்க ஆள் வருகிறாரா? முதல்நாள் மாலை ஒரு அரைமணி நேரம் மரத்தடியில் நின்று மேலே பாருங்கள். ஒரே ஓலைக்குள் புகுந்து புகுந்து வரும் பறவை கண்ணில் பட்டால், அந்த ஓலையை மட்டும் இரண்டு மாதம் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.