காப்புப் பிரதி கைவிடும்போது

கணினியில் உள்ளவற்றை வெளி வன்தட்டொன்றிற் பிரதிசெய்து வைத்தல் நன்று என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். காணி உறுதிகளின் படங்கள், கலியாணப் புகைப்படங்கள், பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடு யாவும் உள்ளங்கையளவு பெட்டியொன்றில் அடங்கிவிடுகின்றன. ஆனால், பிரதிசெய்யும் வேலை பாதியில் நின்று, 'தோல்வி' என்னும் அறிவித்தல் திரையில் தோன்றினால் யாது செய்வது? மீண்டும் மீண்டும் அதே பொத்தானை அழுத்துவோரே பலர். சில வேளைகளில் அதனாற் கேடொன்றுமில்லை. சில வேளைகளிலோ கையிலுள்ளதும் போய்விடும்.

ஆதலின், முதலில் அறியவேண்டியது நோய் எந்தத் தட்டில் என்பதே. பிரதியை ஏற்கும் வெளித் தட்டிலா, கணினிக்குள் இருக்கும் மூலத் தட்டிலா?

வெளித் தட்டின் குறைகள் பெரும்பாலும் எளியவை. ஆயிரம் ஜிகாபைட் இடம் வெறுமையாய்க் கிடக்கவும், கோப்பு மிகப் பெரிதென்று கணினி மறுப்பதுண்டு. அத்தட்டு 'ஃபாட் 32' என்னும் பழைய ஒழுங்கில் அமைந்திருப்பதே காரணம். அவ்வொழுங்கில் ஒரு கோப்பின் நீளத்தைக் குறிக்க 32 பிட்டுகளே உண்டு. எனவே தனிக் கோப்பொன்று 4 ஜிகாபைட்டை எட்ட இயலாது. களஞ்சியம் பெரிது, வாயில் சிறிது என்க. பிரதிசெய்யும் மென்பொருள்கள் சில, அனைத்தையும் ஒரே பெருங்கோப்பாகக் கட்ட முயன்று இங்கே முட்டிக்கொள்கின்றன. விண்டோஸ் கணினியாயின், தட்டை 'என்.ரி.எவ்.எஸ்.' ஒழுங்கிற் புதிதாக ஃபோமற் செய்தால் இடர் தீரும். அவ்வாறு செய்கையில் அதிலுள்ளவை அழியும். முன்னரே அவற்றை வேறிடம் சேர்த்தல் வேண்டும்.

வேலை ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் நிற்குமாயின், பெரும்பாலும் வயரோ மின்வலுவோதான் குற்றவாளி. வேறொரு யூ.எஸ்.பீ. வயரை, இடையில் எதனையும் பூட்டாது கணினியில் நேரே செருகிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

எப்பொழுதும் ஒரே கோப்பில் நின்றால் விடயம் வேறு. மூலத் தட்டில் அவ்விடம் பழுதுற்றிருக்கலாம். அப்பொழுது முழுப் பிரதிக்கு முயல்வதை நிறுத்தி, வேறெங்கும் கிடையாத கோப்புகளை முதலில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்க. பழுதுபார்க்கும் கட்டளையை அதன் பின்னரே ஓட்டலாம். நலிந்த தட்டை அது மேலும் வருத்தும். 'டிக், டிக்' என்று ஓசை எழுமாயின், உடனே மின்னை நிறுத்தித் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாற் குணமாகும் என்றொரு கைவைத்தியமும் உலவுகின்றது. ஈரம் படிந்து எஞ்சியதும் கெடுமேயன்றி வேறு பயனில்லை.

தோல்வி என்று சொல்லிவிட்டுத் தோற்பது ஒருவகையில் நன்மையே. சொல்லாமலே தோற்பதுதான் கொடிது. 1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' என்னும் சித்திரப் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளையொன்றினால் அதன் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தனர், அதுவும் பழுதுற்றிருந்தது! பிள்ளை பெற்று வீட்டிலிருந்தே வேலைசெய்த கேலின் சஸ்மன் என்னும் பெண்மணியின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதனைப் போர்வையிற் சுற்றிக் குழந்தையைப்போற் காரில் ஏற்றி வந்தனர்.

எனவே, 'வெற்றி' என்ற அறிவித்தலோடு அமையாது, வெளித் தட்டிலிருந்து இரண்டொரு கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். பின்னர் தட்டைக் கழற்றிவிட வேண்டும். கணினியோடு பூட்டியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் தீநிரல் அதனையும் தின்றுவிடும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களுக்குத் தனிப் பிரதி இல்லாமையால், அமைச்சரவை அலுவலகத்தின் மடல்கள் உட்பட அவை மீளவில்லை.